ஹெட் கேஸ்கெட் எரிந்த பழைய கார்: பழுது பார்ப்பதா, எஞ்சினையே மாற்றுவதா?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். அப்பா 1999ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய 1.5 லிட்டர் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. மேனுவல் கியர். எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக் இரும்பு, அதன் மேல்மூடியான ஹெட் அலுமினியம். இதுவரை 287,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

தைப்பூசத்திற்கு முந்தைய நாள் ஜாலான் ஈப்போவில் பத்துமலையை நோக்கி முக்கால் மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தபோது வெப்ப முள் முக்கால் பங்கைத் தாண்டியது. எஞ்சினுக்குச் சுமை குறையட்டும் என்று ஏர்கானை அணைத்தேன். முள் இறங்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஏறியது. நெரிசல் விட்டு வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் பழைய இடத்திற்கு வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெந்தோங்கில் உறவினர் வீட்டு விசேஷத்திற்காகக் காராக் நெடுஞ்சாலையில் போனபோது, கெந்திங் செம்பா ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தப் பயந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் அப்படியே ஓட்டினேன்.

அன்றிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு முறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிடம் வெள்ளைப் புகை வருகிறது, எஞ்சினும் நொண்டுவதுபோல் துடிக்கிறது. ஆயில் குச்சி சுத்தமாக இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் பால் நிறத்தில் லேசான பசை தெரிகிறது.

ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு, எரிந்திருக்கும் என்கிறார்கள். ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்யும் டாப் ஓவர்ஹாலுக்கு 1,900 ரிங்கிட் சொல்கிறார்கள். இன்னொருவர் பழைய காரிலிருந்து வெட்டி எடுத்த ஜப்பான் எஞ்சினை 2,600 ரிங்கிட்டுக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். என் மாமா, ஓட்டையை அடைக்கும் 45 ரிங்கிட் புட்டி மருந்தை ரேடியேட்டரில் ஊற்றினால் போதும் என்கிறார். விற்றால் காருக்கே ஏறக்குறைய இந்தப் பழுதுச் செலவு அளவுதான் கிடைக்கும், ஆனால் அம்மா விற்கச் சம்மதிக்கமாட்டார். என்ன செய்யலாம்?

பட்டர்வொர்த் பழைய போர்மேன்:

தம்பி, மூன்று பேரும் உங்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், ஆனால் வண்டி ஏன் சூடேறியது என்று ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதற்கான துப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள். நின்று ஊரும்போது சூடேறி, ஓடும்போது இறங்கினால் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். ஏர்கானை அணைத்த பிறகும் முள் ஏறியது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இதுபோன்ற பல கார்களில் ரேடியேட்டருக்கு ஒன்றும் ஏர்கான் கண்டென்சருக்கு ஒன்றுமாக இரண்டு விசிறிகள் உண்டு. ரேடியேட்டர் விசிறி செத்துப்போயிருந்தால், ஏர்கான் விசிறி ஒன்றுதான் அதுவரை உங்கள் எஞ்சினைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதையும் நீங்கள் அணைத்துவிட்டீர்கள்!

ஆனால் கெந்திங் செம்பா ஏற்றம் வேறு கதை. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், விசிறி பெரிதாகத் தேவைப்படாது. அங்கும் சூடேறியது என்றால் ரேடியேட்டரின் குழாய்களில் பாதி அடைத்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், அடுத்த தைப்பூசத்திற்கு அதே பட்டறை வாசலில் நிற்பீர்கள்.

முதலில் கேஸ்கெட்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மூடியின் அடியில் உள்ள பசையை நம்பாதீர்கள். கடைக்கும் வீட்டுக்குமாகக் குறைந்த தூரம் ஓடும் வண்டியில் ஈரம் படிந்தே அது உண்டாகும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே அது கல்போல் இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது என்று பொருள். பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். தண்ணீர் குடிக்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல் வெளுத்திருக்கும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், அளக்கச் சொல்லுங்கள், நீல நிறத் திரவத்தைக் கொண்டு ரேடியேட்டர் வாயில் எரிந்த வாயு வருகிறதா என்ற சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் கேஸ்கெட் விட்டிருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்பது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். என் இடது முழங்கையில் 1987இல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். சிலிண்டருக்குள் இரவில் தண்ணீர் தேங்கி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அதன்மேல் முட்டினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு டாப் ஓவர்ஹால் பேச்சுக்கே இடமில்லை.

தஞ்சோங் பூங்கா தமிழன்:

புட்டி மருந்தைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலிக் புலாவ் மலைப்பாதையில் தினமும் வேலைக்குப் போய்வந்த என் காருக்கு அதை ஊற்றினேன். ஐந்து வாரம் நன்றாகவே ஓடியது. ஆறாவது வாரம் மீண்டும் சூடேறியபோது, கேஸ்கெட்டோடு ரேடியேட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று, ஏனென்றால் ஓட்டையை அடைக்கும் அந்தப் பொடிக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. ஸ்கிராப்புக்குத் தள்ளப்போகும் வண்டியை வீடு வரை கொண்டுவர வேண்டுமானால் ஊற்றலாம்.

கெப்போங் சக்கரம்:

வெட்டி எடுத்த எஞ்சினும் உங்கள் எஞ்சினைப் போன்றே வயதானது, அதன் கேஸ்கெட்டும் அதே வயதுடையதுதான். அது ஓவர்ஹீட் ஆனதா இல்லையா என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எஞ்சின் எண் மாறுவதால் வாகனப் பரிசோதனைக்குப் போய், சாலைப் போக்குவரத்துத் துறையில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 2,600 ரிங்கிட்டில் அந்த அலைச்சல் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

செந்தூல்வாசி:

ஐயா, நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் பார்த்தோம். மேல் ஹோஸ் ஒன்றரை நிமிடத்தில் இறுகிவிட்டது. கம்ப்ரஷன் முதல் சிலிண்டரில் 170, இரண்டாவதில் 95, மூன்றாவதில் 90, நான்காவதில் 165 பிஎஸ்ஐ. மூன்றாவது பிளக் மட்டும் சுண்ணாம்புபோல் வெள்ளையாக இருந்தது, மற்றவை பழுப்பு நிறம். நீலத் திரவம் மஞ்சளாகிவிட்டது. ரேடியேட்டர் விசிறிக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தும் சுழலவில்லை. டாப் ஓவர்ஹால் செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். பட்டறையில் எதையெல்லாம் கண்காணிக்க வேண்டும்?

பட்டர்வொர்த் பழைய போர்மேன்:

அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் ஒருசேரக் குறைந்திருப்பதால், அவற்றுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பில்தான் கேஸ்கெட் எரிந்திருக்கிறது. ஆனால் அது மட்டுமென்றால் தண்ணீர் குறைய வேண்டியதில்லை. மூன்றாவது சிலிண்டரின் பக்கம் தண்ணீர்த் துளை வரைக்கும் எரிந்து போயிருக்கும். கழற்றிய கேஸ்கெட்டைத் தூக்கி எறிய விடாமல் வாங்கிப் பாருங்கள், அந்த இடத்தில் கரிக்கோடு தெரியும்.

அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் பிடித்திருப்பதால் ஹெட் விரிய இடமில்லாமல் நடுவில் வளைந்துவிடும். ஆகவே ஹெட்டைக் கட்டாயம் அளக்க வேண்டும். நேர்ச்சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். நான் அதிகம் கையாண்ட எஞ்சின்களில் இடைவெளி 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அப்படியே போடலாம்; 0.2 மில்லிமீட்டர்தான் உச்ச வரம்பு. இடையில் இருந்தால் மெஷின் கடையில் ஸ்கிம் செய்யலாம், அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்தலாம், ஆனால் தேவைக்கு மேல் சீவ விடாதீர்கள். ஹெட் தாழ்ந்தால் கம்ப்ரஷன் ஏறும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் கீழே இறங்குவதால் அவற்றின் நேரக்கணக்கான வால்வு டைமிங்கும் சற்றே பிசகும். ஸ்கிம்முக்கு முன் ஹெட்டைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்து விரிசல் உண்டா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டைச் சீவி என்ன பயன்?

பிளாக்கின் மேற்பரப்பைக் கையால், கத்தித் தகட்டால் சுரண்டட்டும். சுழலும் தேய்ப்புத் தட்டைப் போட்டால் அதன் துகள்கள் ஆயில் பாதையில் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் ஊதி எடுக்க வேண்டும்; எடுக்காமல் போல்ட்டை முறுக்கினால் திரவம் அடியில் அழுந்தி பிளாக்கே வெடிக்கக்கூடும். முறுக்குவது நடுவிலிருந்து வெளியே, கையேட்டில் உள்ள அளவுப்படி, படிப்படியாக நடக்க வேண்டும். உங்கள் எஞ்சினில் நீளும் வகை போல்ட் என்றால் பழையதை மறுபடி போடக்கூடாது. கைக்கணக்கில் முறுக்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

டைமிங் பெல்ட்டையும் தண்ணீர் பம்பையும் இப்போதே மாற்றிவிடுங்கள், எப்படியும் அவ்வளவு தூரம் கழற்றப்போகிறார்கள். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் சூடேறும் வண்டி என்றாலே அதைக் கழற்றி வீசுகிற பழக்கம் இருக்கிறது.

செந்தூல்வாசி:

வேலை முடிந்துவிட்டது. ஹெட்டின் நடுவில் 0.15 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது, விரிசல் இல்லை, ஸ்கிம் செய்தார்கள். கேஸ்கெட்டில் நீங்கள் சொன்ன கரிக்கோடு இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே சுண்டுவிரல் நகம் அகலத்திற்கு இருந்தது, அங்கிருந்து தண்ணீர்த் துளை வரை ஒரு கிளையும் ஓடியது. தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ரேடியேட்டரைக் கவிழ்த்தபோது துருச்சேறு கொட்டியது. அப்பா காலம் முழுக்கக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறோம். புது ரேடியேட்டர், விசிறி மோட்டார் எல்லாம் சேர்த்து 2,480 ரிங்கிட் ஆனது. பனியே பெய்யாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று பட்டறையில் ஒருவர் கேட்டார், ஊற்றத்தான் வேண்டுமா?

கெப்போங் சக்கரம்:

ஊற்றுங்கள். பனிக்கு மட்டுமல்ல, துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும்தான் அது. வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தோடு சேர்ந்து 125 பாகையைத் தாண்டியும் தாங்கும். மூடியின் ரப்பர் பழையதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள், விலை அதிகம் இல்லை.

பட்டர்வொர்த் பழைய போர்மேன்:

தெர்மோஸ்டாட் போட்டுவிட்டீர்கள் என்று நம்புகிறேன். இப்போது ஊற்றியிருக்கும் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் ஈரமும் கசடும் அதோடு வெளியே வரட்டும். வடியும் ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பொடிபோல் ஏதாவது மின்னினால் எஞ்சினை முடுக்காமல் இங்கே எழுதுங்கள்.