ஒரு படகுகூட இல்லாத படம் எண்ணூரைச் சொல்லுமா?

சாயக்கிண்ணம்:
போன ஞாயிறு ராயபுரத்தில் ஒரு சின்னக் கூடத்தில், உருவம் இல்லாமல் வண்ணமும் கோடுமாக இருக்கும் அரூப ஓவியங்கள் பார்த்தேன். நினைவு, காலம், நிலம் என்பது பொருள். ஆறடி அகலப் படம் ஒன்று. சாம்பல் நிறத்தைத் தடிமனாகப் பூசி, அப்புறம் கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். இடது கீழ்மூலையில் சுரண்டின இடத்தில் விரற்கடை அளவு நீலம் தெரிகிறது. யாரும் சொல்லாமலே எனக்கு அது எண்ணூர். அட்டையில் 'பெயரிடப்படாதது – 4' என்று மட்டும் இருந்தது. கால் மணி நேரம் நகர முடியவில்லை. வடசென்னையைப் பற்றி நான் பார்த்த படங்களில் இதுதான் உண்மையானது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முகத்துவாரம்:
நானும் பார்த்தேன். கோபம்தான் வந்தது. நான் எண்ணூர்க்காரன். என் ஆயா கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவள். அந்தப் பறி எங்கே? அந்தக் கை எங்கே? சாம்பல் எங்களுக்கு நிறம் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து மேடாகி, படகு தரை தட்டுகிறது. இதை வண்ணமாக மட்டும் காட்டினால் யார் செய்தது என்பதே மறைந்துபோகும்.

கரித்துண்டு:
நான் ஓவியம் படிக்கிறவள். ஓவியர் ஆதிமூலம் காந்தியைக் கோட்டோவியமாக வரைந்து பேர் வாங்கியவர். உருவம் வரைய வராமலா பின்னாளில் வண்ணப் பரப்புக்குப் போனார்? துறையூர்ப் பக்கத்துக்காரர் அவர். அந்தப் பரப்புகளில் எனக்கு வயலும் வானமும் தெரிகின்றன. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்துப் போலவே இருக்கும், ஆனால் வாசிக்க முடியாத கோடுகளை நிரப்பினார். வாசிக்க முடியவில்லை என்பதால் அதில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

முகத்துவாரம்:
சரி தங்கச்சி, அது வயல். எங்கள் நிலம் தானாக மங்கவில்லையே. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வீட்டுக்குள்ளேயே வந்தது. எங்கள் சுவரில் இடுப்பளவில் ஒரு கறுப்புக் கோடு. அம்மா சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாங்க, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாங்க. சுண்ணாம்பும் அடித்தோம். மூன்றாம் மாதம் பழுப்பாக மேலே வந்துவிட்டது. அந்தச் சுவர்தான் சாட்சி. அதற்கு அட்டை வேண்டாம்.

சாயக்கிண்ணம்:
அண்ணா, அந்தச் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பறி இல்லை, கை இல்லை. ஒரு கோடு, அதன்மேல் சுண்ணாம்பு, அதையும் மீறிக் கசியும் பழுப்பு. அந்தப் படத்தின் முன் என்னை நிறுத்தியதும் இதேதான். மேலே பூசினது மூடப் பார்க்கிறது, அடியில் இருப்பது வெளியே வருகிறது. ஆயாவைப் பறியோடு வரைந்தால் கும்பிட்டுவிட்டுத்தான் பார்ப்பேன். ஆனால் அதில் ஒரு நாள்தான் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது இந்த மாதிரிப் பரப்பில்தான் தங்குகிறது.

முகத்துவாரம்:
அந்தச் சுவர்க் கோடு விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பெயரிடப்படாதது' என்பதை விடமாட்டேன். ஆற்றில் வலை போடும் இடத்துக்கெல்லாம் எங்கள் பெரியவர்களிடம் பெயர் உண்டு. சாம்பல் மூடின இடத்தில் வலை போட ஆளில்லை, பெயரைச் சொல்லவும் ஆளில்லை. என் மகனுக்கு ஒன்றுகூடத் தெரியாது. படம் எப்படியும் இருக்கட்டும், அட்டையில் இடத்தின் பெயரைத் தமிழில் எழுதட்டும்.

கரித்துண்டு:
பெயர் போட்டால் பார்ப்பவர்கள் அட்டையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் அண்ணா. எனக்கு இதில் சம்மதமில்லை.

சாயக்கிண்ணம்:
எனக்கு அண்ணன் சொல்வது சரியென்று படுகிறது. கூடத்தில் கேட்டுப் பார்க்கிறேன். பெயர்களை எழுதி அனுப்ப முடியுமா?

முகத்துவாரம்:
அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியும். ஆற்றுக்குப் போயிருக்கார். வந்ததும் கேட்டு இங்கேயே போடுகிறேன்.