கண்ணாடி வழியாக வரும் வெயில் இகுவானாவுக்குப் போதுமா?

மூணாவதுமாடி:
எங்கள் வீட்டில் ஒரு பச்சை இகுவானா இருக்கிறது, ஒன்றரை வயது இருக்கும். சென்னையில் கிழக்குப் பார்த்த ஃபிளாட், கூண்டு ஜன்னல் ஓரத்தில், காலை முழுக்கக் கண்ணாடி வழியாக நல்ல வெயில். வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பவுடரும் கீரையில் தூவுகிறோம். ஆனால் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, கொம்பில் ஏறாமல் தரையிலேயே கிடக்கிறது, கையில் எடுத்தால் விரல்கள் வெடுக் வெடுக்கென்று துடிக்கின்றன. தொடை மட்டும் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது, அதனால் சத்துக் குறைவு என்றும் தோன்றவில்லை. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் யுவிபி (UVB, ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு வேறு வாங்க வேண்டுமா?

செம்பருத்தி இலை:
விளக்கு அப்புறம், முதலில் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே காட்டுங்கள். விரல் துடிப்பது ரத்தத்தில் கால்சியம் இறங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம், அப்படியானால் இது வலிப்பு வரை போகும். அந்தக் கொழுகொழு தொடைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எலும்பிலிருந்து கால்சியம் உருவப்படும்போது அந்த இடத்தை நார்த்திசு அடைத்துக்கொண்டு கால் தடிக்கும், பார்ப்பவருக்குச் சதை போட்ட மாதிரி தெரியும். கீழ்த்தாடை வீங்கியிருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அழுத்திப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

வெயில் விஷயம்: சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், வேண்டியது வராது. தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளின் மீது 290 முதல் 315 நானோமீட்டர் வரையான கதிர் பட்டால்தான் டி3 உருவாகத் தொடங்கும், அது முழுமையாக உடம்புச் சூடும் வேண்டும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் தின்றாலும் குடல் ஒழுங்காக உறிஞ்சாது.

மூணாவதுமாடி:
நன்றி, சாயங்காலம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. பவுடரில்தான் டி3 இருக்கிறதே, அது போதாதா?

செம்பருத்தி இலை:
இகுவானா இலை தின்று பிழைக்கிற பிராணி, இலையில் டி3 என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அதன் உடம்பு வெயிலை நம்பியே அமைந்தது, வாய்வழி டி3யை நம்பி வளர்த்தவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகப் பவுடரை அள்ளிப் போட்டால் ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் கால்சியம் படியும். வெயிலில் அந்த ஆபத்து இல்லை, டி3 தேவைக்கு மேல் போனால் அதே வெளிச்சமே உபரியைச் செயலற்ற பொருளாக மாற்றிவிடும்.

மொட்டைமாடி:
நம் ஊரில் இருந்துகொண்டு இதற்குத் தவிப்பது எனக்கு ஆச்சரியம்தான் :) மாடிக்குக் கொண்டு போங்கள். கம்பிவலைக் கூண்டு, பாதி நிழல், தண்ணீர் கட்டாயம். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் உள்ளேயே வெந்து செத்துவிடும். இன்னொன்று, இளவெயில்தான் வைட்டமின் டி என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், சூரியன் தாழ்ந்திருக்கும் 6 மணி, 7 மணி வெயிலில் யுவிபி மிகக் குறைவு. எட்டரைக்கு மேல் கொஞ்ச நேரம் காட்டுங்கள், சூடு தாங்காமல் வாயைத் திறந்து மூச்சு விட்டால் உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

தினமும் முடியாதென்றால் ட்யூப் வடிவ டி5 (T5, ட்யூபின் தடிமனைச் சொல்கிற அளவு) யுவிபி விளக்கு வாங்குங்கள். எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பது பெட்டியிலேயே இருக்கும், நடுவில் வலை இருந்தால் அதுவும் ஒரு பங்கைத் தின்றுவிடும். எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி மங்கிவிடும், வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். தண்ணீர் ஃபில்டரில் இருக்கிற யுவி விளக்கைக் கழற்றி மாட்டலாமா என்று இங்கேயே ஒருத்தர் கேட்டார், சாமி, அது கிருமியைக் கொல்கிற யுவிசி, கண்ணைப் பொசுக்கிவிடும்.

வாலறுந்தான்:
சாப்பிடாததற்கு யுவிஏ (UVA) என்கிற இன்னொரு புற ஊதாக் கதிர் கிடைக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம். நமக்குத் தெரியாத அந்த நிறம் இகுவானா கண்ணுக்குத் தெரியும், எல்ஈடி மட்டும் எரிகிற அறையில் இலையும் இன்னொரு இகுவானாவும் அதற்கு வேறு மாதிரிதான் தெரியும். உச்சந்தலையில் மங்கலாக ஒரு புள்ளி இருக்கிறதல்லவா, அதுவும் வெளிச்சத்தை உணர்கிற கண்தான். பகலில் 12 மணி நேரம் வெளிச்சம், வெயில் காயும் கொம்பில் 35 டிகிரிக்கு மேல் சூடு, ராத்திரி முழு இருட்டு. சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. கொடுக்கிற கீரை பாலக் என்றால் அதை நிறுத்திவிட்டு செம்பருத்தி இலை, முருங்கைக்கீரை கொடுங்கள், பாலக்கில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

அப்புறம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டீர்களா? 2024 விதிகளின்படி இகுவானா வைத்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும்.

மூணாவதுமாடி:
பதிவு முடிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் பின்னங்கால் எலும்பு மெலிந்திருக்கிறது, தாடை பரவாயில்லை என்றார் மருத்துவர். கால்சியம் ஊசி போட்டிருக்கிறார், கொம்புகளைத் தாழ்வாக மாற்றச் சொன்னார். டி5 ஆர்டர் போட்டாச்சு. இரண்டடி ட்யூப் போதுமா, நாலடியா?

மொட்டைமாடி:
கூண்டு நீளத்தில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். ஒரு பக்கமாக மாட்டுங்கள், மறுபக்கம் நிழல் இருக்கட்டும்.