ஷேட் மீனுக்குப் பழகிய கைக்கு ஃப்ளை லைன் அடங்கவில்லை

டர்பன் கடலோடி:
அனைவருக்கும் வணக்கம். டர்பன் கடற்கரையில் 20 ஆண்டுகளாக ஷேட் மீனுக்கு ஈயக்குண்டு கட்டித் தூண்டில் வீசிப் பழகிய கை என்னுடையது. சென்ற மாதம் நாட்டிங்காம் ரோடு என்ற ஊரின் பக்கத்தில் உள்ள ஓர் அணையில், 9 அடி ஃப்ளை கோலையும் 5ஆம் எண் லைனையும் (தடித்த வீச்சு நூல்; எண் அதன் எடை வகை) வைத்து, ஃப்ளை என்னும் பூச்சி போன்ற தூண்டிலால் முதன்முறையாக டிரவுட் என்னும் நன்னீர் மீனுக்கு வீசிப் பார்த்தேன். 30 அடி வரை ஓரளவு போகிறது. அதற்கு மேல் பலம் கொடுத்தால் லைன் சுருண்டு விழுவதோடு, லைனின் முனையில் கட்டும் மெல்லிய நூலான லீடரில் சிறு சிறு முடிச்சுகளும் ஏறிவிடுகின்றன. அவை காற்றினால் விழும் முடிச்சுகள் என்று உடன் வந்தவர் சொன்னார். ஆனால் அன்று காலை காற்றே இல்லை, நீரில் ஒரு சலனமும் இல்லை. நான் கையைத் திருத்த வேண்டுமா, கோலை மாற்ற வேண்டுமா?

மோய் ஆற்றங்கரை:
தம்பி, கோலில் குறை இல்லை. கடலில் ஈயம் முன்னால் பறக்க, நூல் அதன் பின்னால் ஓடுகிறது. இங்கே ஃப்ளைக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும், அந்த எடைதான் ஃப்ளையைச் சுமந்து போகிறது. அந்த எடை ஒரே இடத்தில் குண்டாக இல்லாமல் நீளம் முழுவதும் பரவியிருப்பதால், ஒரே மூச்சில் ஓங்கி எறிந்தால் அது கேட்காது. கோலின் நுனி போகும் வழியிலேதான் லைன் போகும்.

உங்கள் முடிச்சுக்கும் அதுவே காரணம். கோல் வளையும்போது, பிடியிலிருந்து நுனி வரை உள்ள தூரம் குறைகிறது. தொடக்கத்திலேயே திடீரென்று பலம் கொடுத்தால் கோல் அளவுக்கு மீறி வளைந்து, நுனி நடுவழியில் தாழ்ந்து பிறகு மேலெழுகிறது. அப்போது லூப்பின், அதாவது பறக்கும் லைன் மடிந்து எடுக்கும் வளைவின், மேல்பக்கம் கீழ்பக்கத்தைக் குறுக்கே வெட்டி முடிச்சாகிறது. மாறாக, வளைவுக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கோலைச் சாய்த்தால், நுனி குடைபோல் வட்டமடித்து லூப் அகன்றுவிடும். ஆகவே மெதுவாகத் தொடங்கி, சீராக வேகத்தைக் கூட்டி, மிக வேகமாக இருக்கும் கணத்தில் சட்டென்று நிறுத்துங்கள். லைனை நீட்ட நீட்டக் கோல் கூடுதலாக வளையும் என்பதால், கை போகும் தூரத்தையும் கோல் சாயும் கோணத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். 30 அடிக்கு உரிய சிறு அசைவை வைத்துக்கொண்டே பலத்தை மட்டும் ஏற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

1890இல் இந்த நட்டால் பகுதியில் பிரவுன் டிரவுட் விடப்பட்ட ஆறுகளில் எங்கள் மோய் ஆறும் ஒன்று. அதன் தெளிந்த நீரில் லைன் குவியலாக விழுந்தால், அந்த மடுவில் இருக்கும் மீன் நெடுநேரம் தலைகாட்டாது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
மேலே ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மணிக்கட்டைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். மணிக்கட்டை அசைக்கவே கூடாது என்று பலர் கற்பிப்பது சரியல்ல. முதலில் முழங்கையும் முன்கையும் கோலை அதிகம் திருப்பாமல் நகர்த்த வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர்தான், கதவில் ஆணி அடிப்பதுபோல் மணிக்கட்டு சிறிது திரும்ப வேண்டும். கட்டைவிரலைப் பிடியின் மேல் வைத்து, நிறுத்தும் நொடியில் மட்டும் இறுக்கிப் பிடித்து உடனே தளர்த்துங்கள். பின்வீச்சில் மணிக்கட்டு அதிகமாக மடிந்தால், கோலின் அடிமுனையைச் சட்டைக் கையின் விளிம்புக்குள் செருகிப் பழகலாம். எனக்கு இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது.

கொக்கிக்குப் பதிலாகச் சிறிது கம்பளி நூலைக் கட்டிப் புல்தரையில் பழகுங்கள். பின்வீச்சின்போது தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள். அதன் கடைசிப் பகுதி சிறு கொக்கிபோல் மிஞ்சியிருக்கும் நேரத்தில்தான் முன்வீச்சைத் தொடங்க வேண்டும். லைன் நீளமானால் காத்திருக்கும் நேரமும் நீளும்.

அண்டர்பர்க் பக்கத்துக்காரன்:
அண்ணா, இடக்கையையும் கவனியுங்கள். அது பிடியை விட்டுத் தூரமாகத் தொங்கினால் லைனில் தொய்வு விழும்; வீச்சின் முதல் பாதி அந்தத் தொய்வை எடுப்பதிலேயே வீணாகும். இடக்கையால் லைனைச் சுண்டி இழுக்கும் பழக்கத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். எதிர்க்காற்றில் பின்வீச்சை உயர்த்தி முன்வீச்சைத் தாழ்த்துங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும்.

டர்பன் கடலோடி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மைதானத்தில் பழகும்போது, பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படமெடுக்க என் மகனிடம் சொன்னேன். லைன் பின்னால் இன்னும் விரிந்துகொண்டிருக்கும்போதே என் கை ஒரு சாண் அளவு முன்னே நகர்ந்துவிடுகிறது. இதை நான் உணர்ந்ததே இல்லை. கையை அங்கேயே நிறுத்திக் காத்திருந்தபோது, முன்பைவிடக் குறைந்த பலத்தில் 45 அடி போயிற்று; லூப்பும் ஒடுங்கியது. இருட்டும்வரை வீசியதில் இரண்டே முடிச்சுகள் விழுந்தன. இரண்டும், மகன் பாராட்டியதால் உற்சாகத்தில் ஓங்கி வீசியபோது விழுந்தவை.