கலைச்சொல்: டவுன்ரிகருக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கு முன் வேண்டும்

ஏரிக்கரையாள் எழுதியது:

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கனடாவின் ஒன்ராறியோ ஏரியில் மீன்பிடிக்கும் நம்மவர்களுக்காக ஒரு சிறுநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 14, 16 அடி அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் 22 அடிக்கு மாறும்போது எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எதையெல்லாம் பூட்டுவது என்பதுதான் உள்ளடக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றவற்றை ஒருவாறு சமாளித்துவிட்டேன். டவுன்ரிகரில் சிக்கி நிற்கிறேன்.

கருவியைப் பார்த்திராதவர்களுக்கு: கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிவிடும். சினூக் சால்மனுக்கு 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரையான நீர்தான் பிடிக்கும். அதைத் தேடி 60, 80, சில நாள் 120 அடிக்குப் போய்விடும். ஓடுகிற படகின் பின்னால் வெறும் தூண்டிலை விட்டால் நூல் மேலே எழும்பிவிடும், அந்த ஆழம் எட்டாது. ஆகவே படகின் விளிம்பில் ஒரு கையும் உருளையும் பூட்டி, உருளையில் கம்பிவடம் சுற்றி, நுனியில் 10 அல்லது 12 இறாத்தல் ஈயக்குண்டு கட்டுகிறார்கள். தூண்டில் நூலைக் குண்டுக்குச் சற்று மேலே ஒரு கவ்வியில் மாட்டிக் குண்டை இறக்கினால் இரை வேண்டிய ஆழத்தில் ஓடும். மீன் கொத்தியதும் கவ்வி நூலை விட்டுவிடும். அதன்பின் மீனுக்கும் கோலுக்கும் நடுவே அந்தப் பாரம் இருக்காது.

கவ்விக்கு 'விடுகவ்வி' என்று போட்டிருக்கிறேன். கருவிக்குத்தான் பெயரில்லை.

சொல்லடுக்கு எழுதியது:

விடுகவ்வி அருமை, அதைத் தொடாதீர்கள்.

கருவிக்கு 'ஆழ்பொறி' என்பேன். ஆழம் தெரிகிறது, கருவி என்பதும் தெரிகிறது. 'ஆழ்பொறிக் குண்டு', 'ஆழ்பொறி வடம்', 'மின் ஆழ்பொறி' என்று அடுக்கவும் வரும். தனிச்சொல்லாக அழகாயிருந்து கூட்டுச்சொல்லில் முரண்டு பிடிக்கும் ஆக்கங்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

முட்டத்தான் எழுதியது:

> 'ஆழ்பொறி' என்பேன்

எலிப்பொறி தெரியுமல்லவா? மீன்பிடிப்பவனிடம் பொறி என்றால் அவன் கூடு என்றுதான் நினைப்பான். ஆழத்தில் வைத்து நண்டு பிடிக்கிற கூண்டுக்கு வேண்டுமானால் ஆழ்பொறி நன்றாகப் பொருந்தும். தொழிற்சாலைக்குள் இருந்து சொல் உண்டாக்கினால் இப்படித்தான்.

புலவர் எழுதியது:

அன்புடையீர்,

விடை நம் கையிலேயே இருக்கிறது. 'குண்டு' என்பதை உருண்டை என்றுமட்டும் இன்று கொள்கிறோம். பழந்தமிழில் அது ஆழம். குறுந்தொகையில் 'அகல்வாய்க் குண்டுசுனை' வருகிறதே, வாய் அகன்ற ஆழமான சுனை. ஆகக் கருவியின் உறுப்பும் அதன் பயனும் ஒரே சொல்லில் அடங்குகின்றன: குண்டிறக்கி. குண்டை இறக்குவது, குண்டுக்குள், அதாவது ஆழத்துக்குள், இறக்குவது.

'ஆழ்' பற்றியும் ஒன்று. அகழ் என்பதே குறுகி ஆழ் ஆயிற்று என்பது என் நெடுநாள் கருத்து, பகல் பால் ஆனதுபோல. அகழ்ந்த இடம் அகழி; ஆழ்ந்த இடம் ஆழி; அதிலிருந்தே அழுவம், அமிழ், தாழ், தாழி எல்லாம் கிளைத்தன. இறைவன்பால் ஆழ்ந்தவர் ஆழ்வார். இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

சொல்லடுக்கு எழுதியது:

புலவர் ஐயா, எழுதுங்கள், ஆனால் ஆழ்வாரை அந்தப் பட்டியலில் சேர்க்கும்முன் ஒருமுறை யோசியுங்கள். ஆள்வார் என்பதே பிற்பாடு ஆழ்வார் ஆயிற்று என்று கல்வெட்டுச் சான்றோடு வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். பெண்பாலில் ஆண்டாள்தானே வருகிறது.

'குண்டிறக்கி'யில் எனக்கு வேறொரு சங்கடம். அச்சில் வரும்போது முதல் மூன்று எழுத்தை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். சிறுநூல் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் போகும் என்று நினைக்கிறேன்.

புலவர் எழுதியது:

சந்தி பிரித்துப் படிக்கத் தெரியாதவன் சிரிப்பான் என்பதற்காகச் சங்கச் சொல்லைக் கைவிடுவதா? அப்படிப் பார்த்தால் பாதி அகராதியைக் கொளுத்த வேண்டும்.

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம். நான் இந்த ஏரியில் கனகாலமாய்ப் போய்வாறவன், புளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில இருந்து. அதனால ஒரு வார்த்தை.

புலவர் ஐயா, உங்கட குறுந்தொகை சரி. ஆனால் இந்தப் புத்தகத்தை வாசிக்கப்போறது ஸ்காபுறோ, மார்க்கம், பிரம்ரன் ஆக்கள். 'குண்டு இறக்கினவன்' எண்டால் எங்களுக்கு மேலே வந்த விமானம்தான் ஞாபகம் வரும். பதுங்குகுழிக்குள்ள இருந்த சனத்துக்குச் சுனையையும் குவளையையும் சொல்லிப் பிரியோசனமில்லை. மீன்பிடிக்கப் போறது அதையெல்லாம் மறக்கத்தான்.

இன்னுமொண்டு. பிள்ளை, நீங்கள் அனுப்பின மாதிரிப் பக்கத்தில ட்ரோலிங்குக்கு 'இழுவைத் தூண்டில்' எண்டு கிடக்குது. அதை மாத்துங்கோ. இழுவை எண்டால் எங்களுக்கு இழுவைமடி, அடிமட்டத்தை வாரி அள்ளுற வலை. 2017இல இலங்கையில சட்டம் போட்டுத் தடைசெய்தது அதைத்தான். ஒரு இரையை மெல்ல ஓட்டிக்கொண்டு போறதும் கடலின்ர அடியை உழுது போறதும் ஒண்டில்லை. 'ஓட்டுத்தூண்டில்' எண்டு போடுங்கோவன்.

முட்டத்தான் எழுதியது:

ஓட்டுத்தூண்டிலுக்கு என் ஓட்டு. இழுவைமடி பற்றி எங்கள் கரையிலும் சொல்ல நிறைய இருக்கிறது. விசைப்படகு வந்தபிறகு நாட்டுப்படகுக்காரன் பட்டபாட்டை இங்கே தொடங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

மட்டுறுத்துநர்:

தொடங்க வேண்டாம். நன்றி.

ஏரிக்கரையாள் எழுதியது:

ஓட்டுத்தூண்டில் ஏற்றுக்கொண்டேன். வடமராட்சி அண்ணை சொன்னபிறகு குண்டிறக்கியைப் போட எனக்கும் மனம் வரவில்லை. புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். 'ஆழ்த்தி' அல்லது 'தாழ்த்தி'? சுருக்கமாக இருக்கின்றன. கணிப்பொறி என்று நீட்டிச் சொன்னது கணினி என்று சுருங்கியபிறகுதானே நின்றது.

வடமராட்சியான் எழுதியது:

ஐயோ பிள்ளை, வேண்டாம். 'எம்மை ஆறாத்துயரில் ஆழ்த்தி' எண்டு மரண அறிவித்தலில வாறதை வள்ளத்தில கொண்டுவந்து பூட்டுறதே? தாழ்த்தி அதைவிட மோசம். எங்கட பேச்சில வள்ளம் தாண்டுபோச்சு எண்டால் மூழ்கிப்போச்சு. செத்த நாயைத் தாட்டது எண்டால் புதைச்சது. காலமை நாலு மணிக்கு இருட்டில படகை இறக்கேக்க இந்தச் சொல்லுகள் வாயில வரப்படாது.

சொல்லு கிடக்கட்டும். 'ஏரி' எண்ட சொல்லாலதான் எனக்குக் கவலை. ஊரில் இருந்து புதுசா வந்த பெடியன் ஏரி எண்டால் மதகும் அல்லிப்பூவும் எண்டு நினைச்சு வாறான். இது நீளத்தில 300 கிலோமீற்றருக்கு மேல, ஆழம் கூடின இடத்தில 244 மீற்றர். கொண்டல் காத்துக் கிழக்கில இருந்து ஏரி முழுநீளத்துக்கும் ஓடிவந்து எங்கட கரையில அடிக்கும். கடல் அலை நீண்டு வரும், ஏறி இறங்கலாம். இது கிட்டக்கிட்ட, செங்குத்தாய் வரும். ஒண்டில ஏறி இறங்கமுதல் மற்றது அணியத்தில, அதான் வள்ளத்தின்ர முன்பக்கத்தில, அறையும். 14 அடித் தட்டையடிப் படகு அதில தாங்காது. மே மாதம் தண்ணி எலும்பை உறைய வைக்கும், விழுந்தால் சில நிமிசத்திலேயே கை விறைச்சுப்போம். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, எறிகயிறு 15 மீற்றர், வி.எச்.எஃப். வானொலி, இதெல்லாம் பின்னட்டையில சின்ன எழுத்தில கிடக்குது. முன்னுக்குக் கொண்டுவாங்கோ.

முட்டத்தான் எழுதியது:

அண்ணாச்சி சொன்னது சரி. அடிவடிவம் பற்றிய பக்கத்தைப் பார்த்தேன், ஆழமான V வடிவ அடிக்கு 'ஆழ்கூர் அடி' என்றிருக்கிறது. அது நல்ல சொல். ஆனால் 20 பாகை அடிச்சரிவு என்றால் என்ன என்று ஒரு படம் போட்டுக் காட்டாமல் விளங்காது. பின்பலகையில் நின்று பார்க்கும்போது அடிப்பலகை நடு ஏராவிலிருந்து, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டையிலிருந்து, இரண்டு பக்கமும் எவ்வளவு உயர்கிறது என்பதுதான் அது. சரிவு கூடினால் அலையைப் பிளந்து போகும், இடுப்பு பிழைக்கும். அதே படகு மெல்ல ஓடும்போது பக்கவாட்டில் ஆடும், எண்ணெயும் கூடக் குடிக்கும். நூலில் முதல் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வடமராட்சியான் எழுதியது:

உண்மை. ஓட்டுத்தூண்டிலுக்கு மணிக்கு இரண்டு, இரண்டரை மைல்தான் வேகம். 200 குதிரைவலு எஞ்சினை அந்த வேகத்துக்கு அடக்கி ஓட்டுறது கரைச்சல். அதுக்குத்தான் பக்கத்தில 9.9 குதிரைவலுவில ஒரு சின்ன எஞ்சின். பெரிசு மக்கர் பண்ணினால் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறதும் அதுதான். காசு குறைவெண்டால் நீளத்தில இரண்டடியைக் குறையுங்கோ, இந்தச் சின்ன எஞ்சினைக் குறைக்காதேங்கோ. அதோட, குண்டு நேரே கீழ தொங்கிறதில்லை. ஓட்டத்தில பின்னுக்குச் சாயும். வடத்தை எண்ணுற கருவி 100 அடி காட்டினால் குண்டு நிக்கிறது அதுக்கும் மேல. இதைப் புத்தகத்தில எழுதினால் புண்ணியம்.

சொல்லடுக்கு எழுதியது:

பின்னுக்குச் சாய்வதற்கு 'பின்சாய்வு' போதும். எஞ்சினுக்கு இலங்கை அரச ஆவணங்களில் 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று பார்த்திருக்கிறேன். அதை எடுத்து, சின்னதைத் 'துணை இயந்திரம்' ஆக்கலாம்.

முட்டத்தான் எழுதியது:

அரசாங்கம் எழுதும். கரையில் எவன் சொன்னான்? எஞ்சின் என்றே இருக்கட்டும். நூறாண்டு பழகிய சொல்லை விரட்டிவிட்டு, யாருக்கும் தெரியாத சொல்லைக் குடியேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. டவுன்ரிகரையும் அப்படியே விட்டால் என்ன? கடையில் போய் என்ன பெயர் சொல்லி வாங்குவான்?

புலவர் எழுதியது:

இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயிற்று. கட்டுமரத்தை உலகத்துக்குக் கொடுத்த இனம் ஒரு குண்டைக் கட்டி இறக்குவதற்குப் பிறர் வாயைப் பார்க்கிறது. போகட்டும், ஒலிபெயர்ப்பே என்றாலும் எப்படி எழுதுவீர்கள்? டவுன்ரிகரா, டவுண்றிகரா, டௌன்ரிக்கரா?

வடமராட்சியான் எழுதியது:

டவுண்றிகர் எண்டுதான் நாங்கள் எழுதுவம். ரொறன்ரோவை டொராண்டோ எண்டு எழுதுற ஆக்களோட இந்தச் சண்டைக்கு நான் வரேல்லை.

ஏரிக்கரையாள் எழுதியது:

நாளை வெள்ளி. தொகுத்துச் சொல்கிறேன். ஆழ்பொறியில் கூடு குறுக்கிடுகிறது, குண்டிறக்கியில் விமானம், ஆழ்த்தியில் மரண அறிவித்தல். ஈயமிறக்கி என்று யோசித்தேன். வார்ப்பிரும்புக் குண்டு பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். கடைசியாக ஒன்று: 'கல்லிறக்கி'. எடைக்கல், படிக்கல் என்று பாரத்துக்குக் கல் என்ற பெயர் எல்லாக் கரையிலும் பழக்கத்தில் உண்டு. ஈயமோ இரும்போ, கல் கல்தான். யாருக்கும் பதுங்குகுழி நினைவுக்கு வராது என்று நம்புகிறேன்.

சொல்லடுக்கு எழுதியது:

கல்லிறக்கி வடம், மின் கல்லிறக்கி. அடுக்க வருகிறது. லாரியில் ஜல்லி இறக்குபவரையும் நினைவூட்டுகிறது, ஆனாலும் சரி என்கிறேன்.

முட்டத்தான் எழுதியது:

ஒலிபெயர்ப்பு முன்னால், கல்லிறக்கி அடைப்புக்குறிக்குள் என்றால் ஆட்சேபணை இல்லை. தலைகீழாகப் போட்டால் ஆட்சேபணை உண்டு.

வடமராட்சியான் எழுதியது:

படகில சொல்லிப் பாத்தன். மருமகன் சிரிச்சான், ஆனால் விளங்கிச்சு. நல்லது.

புலவர் எழுதியது:

அப்பரைக் கல்லோடு பூட்டிக் கடலில் இறக்கினார்கள், கல் மிதந்தது. கல்லை இறக்கி மீன் பிடிக்கப் போகிறவர்கள் அதை எண்ணிப் பார்க்க வேண்டும். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குண்டு என்ற சொல்லைப் போரிடம் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

வடமராட்சியான் எழுதியது:

ஐயா, அப்பரின்ர கல்லு மிதந்தமாதிரி எங்கட வள்ளமும் மிதந்தால் எனக்குச் சந்தோசம். சொல்லை நாங்கள் விட்டுக்குடுக்கேல்லை, பறிபோனது.

ஏரிக்கரையாள் எழுதியது:

முதன்முறை வருமிடத்தில் 'டவுண்றிகர் (கல்லிறக்கி)', அதன்பின் கல்லிறக்கி மட்டும். பின்னட்டைப் பட்டியல் மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டது, அடிச்சரிவுக்குப் படமும் வரைந்தாயிற்று. முட்டத்தான் அண்ணாச்சி கேட்டபடி முழுக்கச் செய்ய முடியவில்லை. அனைவருக்கும் நன்றி.

ஒன்றே ஒன்று பாக்கி. மேலே சூடான நீருக்கும் கீழே குளிர்ந்த நீருக்கும் நடுவில் வெப்பம் சட்டென்று விழுகிற அந்த அடுக்கு, தெர்மோகிளைன். 'வெப்பச்சரிவு' என்று போட்டிருக்கிறேன்.

புலவர் எழுதியது:

சரிவு என்பது நிலத்துக்குரியது. தொல்காப்பியம் தொட்டுத் தொடங்குகிறேன்.

மட்டுறுத்துநர்:

புலவர் ஐயா, தனி இழையாகத் தொடங்குங்கள். இதைப் பூட்டுகிறேன்.