அப்டேட்: பெசன்ட் நகர் பீச்ல கிரகணம் தெரிஞ்சுதா?

2022 நவம்பர் 8 சந்திர கிரகணத்தை சென்னைல எங்க நின்னு பாக்கலாம்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பாத்துட்டோம்!

நிலா உதயம் சாயங்காலம் 5:38, முழு கிரகணம் அதுக்கு முன்னாடியே 5:12 வாக்குல முடிஞ்சிடுச்சு, அதனால நமக்கு மிச்சம் பகுதி கிரகணம் மட்டும்தான், அதுவும் 6:19 வரைக்கும். 5:30க்கே மணல்ல போய் உக்காந்தாச்சு. நேர் கிழக்கையே முறைச்சு பாத்துட்டு இருந்தேன், ஒண்ணும் காணோம். அப்புறம்தான் ஒருத்தர் "போன் காம்பஸ்ல 73 டிகிரி வச்சு பாருங்க, நேர் கிழக்குக்கு கொஞ்சம் இடது பக்கம்"னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதான் வொர்க் ஆச்சு. அடிவானத்துல ஒரே மங்கல், வெளிச்சமும் போகல, 5:50 தாண்டி பைனாகுலர்ல முதல்ல சிக்குச்சு, வெறும் கண்ணுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் ஆச்சு. கைய நீட்டினா ரெண்டு விரல் உயரம்தான் இருக்கும்.

எதிர்பாக்காதது என்னன்னா நிழல் மேல் பக்கம் இருந்துச்சு, மேல கடிச்சு வச்ச இட்லி மாதிரி. நிலா கிழக்கு நோக்கி நகந்து நிழல விட்டு வெளிய வர்றதால கிழக்கு ஓரம், அதாவது உதிக்கும்போது கீழ இருக்கற ஓரம், முதல்ல வெளிச்சமாகுது. சிவப்பெல்லாம் தெரியல. போட்டோவுக்கு போன் ஸ்கிரீன்ல நிலாவ தொட்டு பிரைட்னஸ நல்லா கொறைச்சா அந்த கடி தெரியுது, இல்லன்னா வெறும் வெள்ளை பொட்டு. 6:19 வரைக்கும் அம்மா சுண்டல் வாங்க விடல.