ராஜ்சிங் துங்கர்பூரை உயர்த்தியது பந்துவீச்சா, பிறப்பா?

கேள்வி: பாலஸ்டியர் சுழல்

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளாக இங்கே சிங்கப்பூரில் வார இறுதி லீக்கில் சுழற்பந்து வீசி வருகிறேன். முழங்கால் சொன்னபடி கேட்காததால், எங்கள் மன்றத்தின் கிரிக்கெட் குழுவில் ஒரு பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். அந்த யோசனையில்தான் ராஜ்சிங் துங்கர்பூரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ராஜஸ்தானின் மிதவேகப் பந்துவீச்சாளரான அவர் 86 முதல்தர ஆட்டங்களில் 206 விக்கெட்டுகள் எடுத்தும் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. ஆயினும் தேசியத் தேர்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கி, 1996 முதல் 1999 வரை இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராகவும் இருந்தார். பந்துவீசிய அனுபவம் அவருக்கு உண்மையிலேயே கைகொடுத்ததா, துங்கர்பூர் அரச குடும்பத்தில் பிறந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணமா?

பதில்: கல்லாங் வாசி

கதவைத் திறந்தது பிறப்புதான், அண்ணா. சம்பளமில்லாத கௌரவப் பதவிகளில் ஆண்டுக்கணக்கில் இருக்க வசதி வேண்டும். அதே காலத்தில் பந்துவீசிய ராஜிந்தர் கோயல், இந்திய மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 637 விக்கெட்டுகள் எடுத்தார். இன்றும் அதுவே சாதனை. அவருக்கும் டெஸ்ட் வாய்ப்பு கிடைக்கவில்லை. வாரியத் தலைவர் நாற்காலிக்கு அவர் பெயரை யாராவது முன்மொழிந்திருப்பார்களா?

பதில்: பாடாங் பார்வையாளர்

கல்லாங் வாசி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ராஜஸ்தான் 1960-61 முதல் 1973-74 வரை எட்டு முறை ரஞ்சி இறுதிக்கு வந்து, ஏழு முறை பம்பாயிடமும் ஒரு முறை கர்நாடகத்திடமும் தோற்றது. அந்தத் தோல்விகளின் காலத்து அணியில் ஆடியவர் ராஜ்சிங். நன்றாக ஆடியும் வாசலோடு திரும்புவது எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இளம் வீரர்கள் விஷயத்தில் அவர் காட்டிய அவசரத்துக்கு அதுவே காரணம் என்பது என் ஊகம். பம்பாயின் இந்திய கிரிக்கெட் மன்றத்தில், வயது குறைந்தவர்கள் உடைமாற்றும் அறைக்குள் வரக்கூடாது என்றிருந்த விதியைச் சிறுவன் டெண்டுல்கருக்காகத் தளர்த்தியதில் அவருக்குப் பங்குண்டு. அவர் தலைமையிலான குழுதான் 1989இல் அதே பையனை 16 வயதில் பாகிஸ்தானுக்கு அனுப்பியது. பெங்களூரில் 2000இல் தொடங்கிய தேசிய கிரிக்கெட் அகாடமியும் பெரும்பாலும் அவருடைய எண்ணத்தில் உருவானதே. வெறும் அரச வாரிசாக இருந்திருந்தால், கோப்பை வழங்கும் மேடையோடு நின்றிருப்பார்.

பதில்: சேப்பாக்கம் டு செங்காங்

எல்லாம் சரி, எங்கள் ஊர்க்காரருக்கு நடந்ததை யாரும் சொல்லவில்லையே! அந்தப் பாகிஸ்தான் பயணத்தில் அணித்தலைவராக இருந்தவர் ஸ்ரீகாந்த். நான்கு டெஸ்டுகளையும் அவர் தோற்காமல் சமன் செய்து திரும்பினார். ஆனால் மட்டையில் ஓட்டம் வரவில்லை என்பதால், அடுத்து நியூசிலாந்துக்குக் கிளம்பிய அணியில் அவர் பெயரே இல்லை. அணித்தலைவராகிறாயா என்று ராஜ்சிங் தம்மிடம் திடீரென்று கேட்டதை அசாருதீனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். தொண்ணூறுகளுக்கான அணி என்று அந்தப் புதிய அணிக்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். துணிச்சலான முடிவுதான், ஆனால் இம்ரான் கானின் அணியை அதன் சொந்த மண்ணிலேயே தடுத்து நிறுத்திய ஒருவரை அப்படி ஓரங்கட்டியதை என் அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை.

கேள்வியாளர்: பாலஸ்டியர் சுழல்

மூவருக்கும் நன்றி. சென்ற சனிக்கிழமை, மழை விட்ட பிறகு, பந்துவீச ஓடிவரும் பாதையில் மரத்தூளைத் தூவிக்கொண்டே பொறுப்பை ஏற்பதாகச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எங்கள் வலைப்பயிற்சியில் பெரியவர்களைத் திணறடிக்கிறான். பதினாறு நிரம்பாமல் மூத்தோர் அணியில் ஆடக்கூடாது என்பது மன்றத்தின் பழைய விதி. முதல் கூட்டத்தில் அதைத்தான் நீக்கச் சொல்லப் போகிறேன். நீக்கினால், இப்போது ஆறாவதாக ஆடும் என் நெருங்கிய நண்பர் வெளியே உட்கார வேண்டியிருக்கும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.