வயிறு நிறைகிறது, எடை ஏறவில்லை: செம்மறிக்குட்டிகளுக்கு என்ன போடலாம்?

மல்லாவிக்காரன்:
வணக்கம். என்னிடம் எட்டுச் செம்மறிக்குட்டிகள் நிற்கின்றன. நாலு மாதம் கடந்தவை, பால் மறந்து ஆறு கிழமை. வாய்க்கால் ஓரமாக நட்ட கோ-3 என்ற தீவனப் புல்லை இரண்டு நேரமும் வேண்டியமட்டும் வெட்டிப் போடுகிறேன். பின்னேரம் பார்த்தால் வயிறு பானை மாதிரி. ஆனால் சாக்கில் போட்டுத் தூக்குத்தராசில் நிறுத்தால், போன மாதம் 12 கிலோ நின்ற குட்டி இந்த மாதம் 12.5தான். முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுகிறது.

கௌபீக் கொடி போட்டுப் பார்த்தேன். காலைப் பனியோடு பிடுங்கிப் போட்டதில் ஒன்றுக்கு இடப்பக்கம் ஊதி, மிருக வைத்தியர் வரவேண்டியதாகிவிட்டது. வேலியில் கிளிசறியா நிறைய நிற்கிறது. மணந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

முழங்காவில் பட்டி:
தம்பி, புல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுகிறீர்கள்? காலையில் தொட்டியில் மிஞ்சுவது இலையா, தண்டா? கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தீர்களா?

மல்லாவிக்காரன்:
முறை வைத்து வெட்டுவதில்லை அண்ணை. இப்போது நிற்பது என் உயரத்துக்கு மேல், மூன்று மாதம் இருக்கும். மிஞ்சுவது முழுக்கத் தண்டு. இமை ஆறுக்குச் சிவப்பு, இரண்டுக்கு வெளிறல்.

முழங்காவில் பட்டி:
பாதி பிடிபட்டுவிட்டது. கோ-3ஐ 45 நாளில் வெட்டவேண்டும். அதற்கு மேல் முற்றினால் புரதம் இறங்கி நார் ஏறும். மாடு சமாளிக்கும், 12 கிலோக் குட்டியின் வயிற்றில் அது இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் பார்க்கும் பானை வயிறு அதுதான்.

அந்த எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் உலர்தீன், அதாவது தண்ணீரைக் கழித்த தீன், வேண்டும். பச்சைப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஆகவே ஒன்றரைக் கிலோ இளம் புல், அதோடு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடவாகக் கிளிசறியா போன்ற குழை. உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கு குழை என்ற கணக்கு இது. கழிவுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். புல்லை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கிக் குழையோடு கலந்தால்தான் பொறுக்கித் தின்னாது.

கிளிசறியாவைப் பச்சையாக நீட்டினால் பழகாத செம்மறி முகம் திருப்பும். முதல்நாள் பின்னேரம் வெட்டி நிழலில் வாடவிடுங்கள், மணம் குறையும். முதலில் ஒரு பிடி, பிறகு கூட்டலாம். கௌபீக் கொடியும் அப்படித்தான்: வாடவைத்து, புல் தின்ற வயிற்றுக்கு மட்டும். கச்சான் பிடுங்கும் காலத்தில் கொடியைக் காயவைத்து அடுக்கிவிடுங்கள், கோடைக்கு அதைவிட நல்ல தீன் வன்னியில் இல்லை.

இமை வெளிறியதற்குக் காரணம் குடற்புழுவாக இருக்கலாம். அந்த இரண்டின் சாணத்தைச் சோதித்து, வைத்தியர் சொல்லும் மருந்தைக் குட்டியின் எடைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள்.

புளியங்குளம்:
எதற்கு இவ்வளவு கணக்கு? இபில் இபில் மரத்தின் இலையை அள்ளிப் போட்டால் கொழுத்துவிடும்.

முழங்காவில் பட்டி:
அள்ளிப் போடாதீர்கள். அதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, தினமும் நிறையத் தின்றால் மயிர் உதிரும், தைரொயிட் கெடும். தீனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன்: மாட்டுக்கு விற்கும் தாதுக்கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கவேண்டாம். மாடு தாங்கும் செம்பைச் செம்மறி தாங்காது.

மல்லாவிக்காரன் (மூன்று கிழமைக்குப் பிறகு):
இரண்டுக்கும் புழுதான், மருந்து கொடுத்தாயிற்று. முற்றிய புல்லை அடியோடு வெட்டிப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, புதுத் தளிர் வரும்வரை வரம்புப் புல்லில் சமாளித்தேன். வாடிய கிளிசறியாவில் உப்புத்தண்ணீர் தெளித்த மூன்றாம் நாளே ஏழு குட்டிகள் முண்டியடித்தன. 12.5 நின்றது இன்று காலை 14 கிலோ. எட்டாவது மட்டும் இன்னும் மணந்துவிட்டுப் போகிறது, அதற்கு அகத்தி ஒடித்துக் கொடுக்கிறேன்.